ரசாயனம் படும் தளமும் தொட்டியும்: தொழிற்சாலைக் கான்கிரீட்டை அரிப்பிலிருந்து காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமிலம், காரம், உப்புக் கரைசல், கழுவுநீர் ஆகியவை படும் தளங்கள், தொட்டிகள், வடிகால்கள், கசிவுத் தடுப்புத் தொட்டிகள் பற்றியது இந்தப் பக்கம். பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவர்களும் பூச்சு வேலை எடுத்துச் செய்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

கான்கிரீட் கல் மாதிரிதானே இருக்கிறது, அமிலம் அதை எப்படி அரிக்கிறது?

கான்கிரீட்டுக்குள் ஜல்லி இருக்கிறது, ஆனால் ஜல்லியைப் பிடித்து வைத்திருப்பது சிமெண்ட் பசை. இறுகிய பசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. நல்ல கான்கிரீட்டின் பிஎச் 12.5-க்கு மேல் இருப்பது அதனால்தான். இவ்வளவு காரமான ஒன்றின் மேல் அமிலம் பட்டால் இரண்டும் வினைபுரிந்து கால்சியம் உப்பு உண்டாகிறது. முதலில் போவது சுண்ணாம்பு, அதன்பின் பசையின் உயிரான கால்சியம் சிலிகேட்டும் சிதைகிறது. ஜல்லி கருங்கல்லாக இருந்தால் அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் அதுவும் சேர்ந்து கரையும்.

எவ்வளவு வேகமாக அரிக்கும் என்பதை, உண்டாகும் உப்பு நீரில் கரையுமா என்பதுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக், அசெட்டிக், லாக்டிக் அமிலங்களின் கால்சியம் உப்புகள் நன்றாகக் கரையும். கழுவிவிடும் ஒவ்வொரு முறையும் புது மேற்பரப்பு வெளியே வந்து அடுத்த தாக்குதலுக்குத் தயாராக நிற்கும். பாஸ்பாரிக் அமிலம் அவ்வளவாகக் கரையாத பாஸ்பேட்டை உண்டாக்குவதால் மெதுவாக அரிக்கும். ஆக்சாலிக் அமிலத்தின் உப்பு கரையவே கரையாது, மேலே படிந்து ஓரளவு காப்பாகவே நிற்கும். கந்தக அமிலம் வேறு ரகம். அது உண்டாக்கும் ஜிப்சம் கரைந்து ஓடுவதற்கு முன் உள்ளேயே பருத்து, மேற்பரப்பை அடுக்கடுக்காகப் பெயர்த்துவிடும். தளம் வெள்ளை மாவுபோல் நொறுங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கந்தக அமிலத்தைத்தான்.

அமிலம் இல்லாத ஆலையில் பயமில்லை அல்லவா?

இருக்கிறது. சோடியம் சல்பேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும் உள்ளே ஊடுருவி எட்ரிஞ்சைட் என்ற படிகத்தை வளர்த்துக் கான்கிரீட்டை உப்பவைத்து வெடிக்கச் செய்யும். இரண்டில் மெக்னீசியம் உப்பு மோசம், ஏனென்றால் அது சிமெண்ட் பசையையே சிதைக்கிறது. அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் சல்பேட் போன்ற உர உப்புகளைப் பலர் சாதுவானவை என்று நினைக்கிறார்கள். அவை சுண்ணாம்போடு வினைபுரிந்து அம்மோனியாவாக வெளியேற, கூடவே கால்சியமும் போய்விடுகிறது. உரக் கிடங்குத் தளம் நனைந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறதே, அந்த நெடியே தளம் கரைவதற்கு அடையாளம்.

சர்க்கரைப் பாகு சுண்ணாம்பைக் கரைக்கும். தாவர எண்ணெயும் கொழுப்பும் நாளடைவில் கொழுப்பு அமிலமாகப் பிரிந்து, சுண்ணாம்போடு சேர்ந்து சோப்பாகும். நீர்த்த காஸ்டிக் சோடா பெரிதாக ஒன்றும் செய்யாது. 20 சதவீதத்துக்கு மேல், அதுவும் சூடாக இருந்தால், அரிக்கத் தொடங்கும். குளோரைடு உப்புகள் கான்கிரீட்டை விட உள்ளே இருக்கும் கம்பியைத்தான் குறிவைக்கும். கம்பி துருப்பிடித்துப் பருத்து மேல்மூடியைத் தள்ளிவிடும். டீசல், மசகு எண்ணெய் போன்ற கனிம எண்ணெய்கள் கான்கிரீட்டை அரிப்பதில்லை. ஆனால் பின்னால் எந்தப் பூச்சையும் ஒட்டவிடாது.

கழிவுநீர்க் குழாய்களிலும் கிணறுகளிலும் நடப்பது தனி வகை. நீரில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு மேலே ஏறி ஈரமான கூரைப்பகுதியில் ஒட்ட, அங்கே வாழும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றுகிறது. அதனால் தண்ணீருக்குள் இருக்கும் பகுதி நன்றாக இருக்கும், தண்ணீர் படாத மேற்பகுதிதான் அரித்துப் போயிருக்கும். பிஎச் அங்கே 1 அல்லது 2 வரை இறங்குவது உண்டு.

எந்த அளவிலிருந்து பூச்சு கட்டாயம்?

நிலத்தடி நீருக்கும் மண்ணுக்கும் ஐரோப்பிய இஎன் 206 தரநிலை தரும் அளவு ஒரு நல்ல தொடக்கம். பிஎச் 6.5 முதல் 5.5 வரை இலேசான தாக்குதல், 5.5 முதல் 4.5 வரை நடுத்தரம், 4.5 முதல் 4.0 வரை கடுமை. சல்பேட்டுக்கு லிட்டருக்கு 200 முதல் 600 மி.கி. இலேசு, 3,000 வரை நடுத்தரம், 6,000 வரை கடுமை. முதல் இரண்டையும் அடர்த்தியான நல்ல கான்கிரீட்டே சமாளிக்கும். பிஎச் 4-க்குக் கீழே போனால் எந்த போர்ட்லேண்ட் சிமெண்ட் கலவையையும் நம்ப வேண்டாம், பூச்சோ உறையோ வேண்டும். ஆலைக்குள் சிந்தும் அமிலம் பெரும்பாலும் பிஎச் 1-க்கே கீழே என்பதால், அங்கே இந்தக் கேள்வியே எழுவதில்லை.

சல்பேட் எதிர்ப்பு சிமெண்ட், சாம்பல், கசடு சேர்த்துப் போட்டுவிட்டால் போதாதா?

சல்பேட்டுக்குப் போதும், அமிலத்துக்குப் போதாது. சல்பேட் எதிர்ப்பு சிமெண்டில் எட்ரிஞ்சைட் வளரத் தேவையான ட்ரைகால்சியம் அலுமினேட் என்ற சேர்மம் குறைவு, அவ்வளவுதான். அதிலும் சுண்ணாம்பு இருக்கிறது, அமிலம் அதைத் தின்னும். பறக்கும் சாம்பல், உலைக் கசடு, சிலிக்கா பியூம் என்ற நுண்தூள் ஆகியவை சுண்ணாம்பைக் குறைத்து நுண்துளைகளை அடைக்கும், அரிப்பின் வேகம் குறையும். தண்ணீர்-சிமெண்ட் விகிதத்தை 0.45-க்குள் வைப்பதும் அப்படியே. இவையெல்லாம் பூச்சுக்கு அடியில் நல்ல அடித்தளம் தருமே தவிர, பூச்சுக்கு மாற்று ஆகா.

தளத்தை இறுக்கும் சிலிகேட் திரவம் அடித்தால் அமிலம் தாங்குமா?

தாங்காது. சோடியம், லித்தியம் சிலிகேட் திரவங்கள் தூசி பறப்பதையும் தேய்மானத்தையும் குறைக்கும். அமிலத்துக்கு எதிராக விற்கப்பட்டால் வாங்க வேண்டாம்.

பூச்சைத் தேர்ந்தெடுக்கும் முன் என்னென்ன தகவல் திரட்ட வேண்டும்?

"எங்கள் ஆலையில் கந்தக அமிலம் இருக்கிறது" என்று சொன்னால் யாராலும் சரியான பொருளைச் சொல்ல முடியாது. 30 சதவீதக் கந்தக அமிலமும் 98 சதவீதக் கந்தக அமிலமும் நடத்தையில் இரண்டு வேறு ரசாயனங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: ரசாயனத்தின் பெயர், செறிவு, தளத்தில் படும்போது அதன் வெப்பநிலை, எவ்வளவு நேரம் தேங்கி நிற்கும், எதனோடு கலக்கும், எப்படிக் கழுவுகிறார்கள், மேலே போகும் வண்டியின் சக்கரம் ரப்பரா இரும்பா.

இதில் அடிக்கடி தவறவிடுவது மூன்று. ஒன்று, காய்தல். 5 சதவீதக் கரைசல் சொட்டிச் சொட்டிக் காய்ந்தால் தண்ணீர் போய் அமிலம் தங்கும். பம்பின் அடியில் தளம் காண்பது 5 சதவீதத்தை அல்ல. இரண்டு, கழுவுதல். 98 சதவீத அமிலம் சிந்திய இடத்தில் தண்ணீர் அடித்தால் கடும் வெப்பம் கிளம்பும். அந்தச் சில நிமிடம் தளத்தின் மேல் இருப்பது கொதிக்கும் நடுத்தரச் செறிவு அமிலம். பூச்சு 98 சதவீதத்தையும் 10 சதவீதத்தையும் தாங்கினால் மட்டும் போதாது, நடுவில் உள்ளதையும் சூட்டோடு தாங்க வேண்டும். மூன்று, சுத்தம் செய்யும் ரசாயனம். உற்பத்திப் பொருளைத் தாங்கும் தளம், வாரம் ஒருமுறை ஊற்றும் வெளுப்புக் கரைசலான ஹைப்போகுளோரைட்டிலோ பெர்அசெட்டிக் அமிலத்திலோ போய்விடும்.

ரசாயனத் தாங்கு அட்டவணையைப் படிக்கும்போது 'தாங்கும்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் நிபந்தனையைப் படியுங்கள். சிந்திய உடன் கழுவுவதா, 72 மணி நேரம் தேங்குவதா, நிரந்தரமாக மூழ்கியிருப்பதா என்பதைப் பொறுத்து ஒரே பொருளுக்கு மூன்று வேறு பதில் வரும். சந்தேகம் இருந்தால் பூச்சின் மாதிரித் துண்டை உங்கள் ஆலையின் திரவத்திலேயே, உங்கள் வெப்பநிலையிலேயே குறைந்தது 7 நாள் ஊறவைத்து, முன்னும் பின்னும் எடையையும் கடினத்தையும் அளந்து பாருங்கள். எடை ஏறிக்கொண்டே போவதும், நகம் பதியும் அளவுக்கு மென்மையாவதும் தோல்வி. வெறும் நிறமாற்றம் தோல்வி அல்ல.

எந்த ரெசின் (பூச்சின் அடிப்படைப் பிசின்) எதற்கு?

சாதாரண எப்பாக்சி: காரங்கள், உப்புக் கரைசல்கள், நீர்த்த கனிம அமிலங்கள், எண்ணெய்கள். செறிவான கரிம அமிலம், நைட்ரிக், ஹைப்போகுளோரைட் ஆகியவற்றுக்கு ஆகாது. மெத்திலீன் குளோரைடு பட்டால் உரிந்தே வந்துவிடும், பெயிண்ட் உரிக்கும் திரவங்களில் அது பயன்பட்டதே இதனால்தான். அறை வெப்பநிலையில் இறுகும் எப்பாக்சி 50, 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் மென்மையாகத் தொடங்கும். குளிர்ந்த அமிலத்தைத் தாங்கிய பூச்சு அதே அமிலம் சூடாக வந்தால் தோற்பது இதனால்.

நோவோலாக் எப்பாக்சி: மூலக்கூறுகளுக்கு இடையே பிணைப்பு அதிகம், அதனால் ரசாயனம் உள்ளே நுழையக் கடினம். 98 சதவீதக் கந்தக அமிலம் சிந்தும் கசிவுத் தடுப்புத் தொட்டிகளுக்குப் பெரும்பாலும் இதைத்தான் பரிந்துரைக்கிறோம். நிறம் கறுக்கும், பரவாயில்லை. பிணைப்பு அதிகம் என்பதால் கொஞ்சம் நொறுங்கும் தன்மையும் உண்டு. அடியில் கான்கிரீட் வெடித்தால் இதுவும் கூடவே வெடிக்கும்.

வினைல் எஸ்டர்: ஆக்சிஜனேற்றும் ரசாயனங்களுக்கு இதுதான் வழி. ஹைப்போகுளோரைட், நீர்த்த நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக், குரோமிக் கரைசல்கள் எல்லாம் இதன் களம். ஆனால் கந்தக அமிலம் 75 சதவீதத்தைத் தாண்டினால் இதை விட்டுவிடுங்கள். இறுகும்போது சுருங்கும், ஸ்டைரீன் நெடி வீசும். ஈரம் இருந்தால் ஒட்டாது. காற்று பட்ட மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் என்பதால் கடைசி அடுக்கில் மட்டும் மெழுகு கலந்த ரெசினைப் பூச வேண்டும். அந்த மெழுகு ரெசினைத் தவறி நடு அடுக்கில் பூசினால் அதன்மேல் எதுவும் ஒட்டாது. நாம் பார்த்த அடுக்குப் பிரிவுகளில் இந்தப் பிழைக்கு நல்ல பங்கு உண்டு.

பாலியூரிதேன் சிமெண்ட் சாந்து: பால், பழச்சாறு, நொதிப்பு போன்ற ஆலைகளில் லாக்டிக், அசெட்டிக் அமிலமும் கொதிநீரும் மாறி மாறிப் படும் இடங்களுக்கு. இதன் விரிவு கான்கிரீட்டின் விரிவுக்கு நெருக்கமாக இருப்பதால் சூட்டு அதிர்ச்சியில் பிரியாது. 6 மி.மீ. கனம் பொதுவாக 80 டிகிரிக்கு அருகிலான சிந்தலையும், 9 மி.மீ. நீராவிச் சுத்தம் வரையிலும் தாங்கும். சற்று ஈரமான அடித்தளத்தையும் பொறுத்துக்கொள்ளும். செறிந்த கனிம அமிலத்துக்கு இதை எடுக்க வேண்டாம்.

ஹைட்ரோபுளோரிக் அமிலத்துக்கு?

அது சிலிக்காவையே கரைக்கும். எனவே கண்ணாடி இழை, குவார்ட்ஸ் மணல், அமிலச் செங்கல் எல்லாமே தவறான தேர்வு. பாலியெஸ்டர் இழைத் துணியும், கார்பன் அல்லது பேரைட் என்ற கனிமத்தூள் நிரப்பியும் உள்ள அமைப்பு வேண்டும். சேர்க்கப்படும் ஒவ்வொரு பொருளிலும் மணல் கலக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், பிரைமர் மேல் தூவும் மணல் உட்பட.

எத்தனை மி.மீ. கனம் வேண்டும்? பொருள் எவ்வளவு வாங்குவது?

எப்போதாவது சிந்தி உடனே கழுவப்படும் இடத்துக்கு 0.3 முதல் 0.5 மி.மீ. உருளைப் பூச்சு (ரோலரால் பூசுவது). தினமும் ஈரமாக இருக்கும் தளத்துக்கு 2 முதல் 3 மி.மீ. தானே மட்டமாகும் அடுக்கு. இரும்புச் சக்கரமும் அமிலமும் சேர்ந்தால் 4 முதல் 6 மி.மீ. சாந்து. தொட்டி, கசிவுத் தடுப்புத் தொட்டி போன்றவற்றுக்கு ச.மீ.க்கு 450 கிராம் கண்ணாடி இழைப் பாய் பதித்த அடுக்கு, அதன்மேல் ரெசின் நிறைந்த மெல்லிழைத் துணி. அமிலம் என்றால் மெல்லிழைத் துணி, அமிலம் தாங்கும் சி வகைக் கண்ணாடியாக இருக்கட்டும்.

கணக்கு எளிது: 1 ச.மீ. பரப்பில் 1 மி.மீ. கனம் என்றால் 1 லிட்டர். 20 மீட்டருக்கு 10 மீட்டர் தளம், 2.5 மி.மீ. கனம் என்றால் 200 × 2.5 = 500 லிட்டர். பொருளின் அடர்த்தி 1.5 என்றால் 750 கிலோ. வாளியில் ஒட்டுவது, சிந்துவது என 10 சதவீதம் சேர்த்தால் 825 கிலோ. பிரைமர் ச.மீ.க்கு 300 கிராம் வீதம் 60 கிலோ. சொரசொரப்பாகச் செதுக்கிய தளம் பள்ளங்களை நிரப்பவே ச.மீ.க்கு அரை லிட்டர் வரை குடித்துவிடும். அதற்குத் தனியாக மணல் கலந்த வழிப்பு அடுக்கு ஒன்றைக் கணக்கில் வையுங்கள். கரைப்பான் கலந்த பொருள் என்றால் காய்ந்தபின் கனம் குறையும். கன அளவில் 50 சதவீதம் திடப்பொருள் உள்ளதை 200 மைக்ரான் பூசினால் நிற்பது 100 மைக்ரான்தான்.

புதுக் கான்கிரீட் போட்டு எத்தனை நாளில் பூசலாம்?

பொதுவாக 28 நாள். ஆனால் நாளை எண்ணுவதை விட ஈரத்தை அளப்பது நல்லது. 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளியோ, தளத்தில் கருமையோ தெரிந்தால் பூசக்கூடாது. இது அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் டி 4263 சோதனை. ஈரம் இருக்கிறது என்று இது சொல்வதை நம்பலாம். இல்லை என்று சொன்னால் முழுதாக நம்ப முடியாது. பெரிய வேலைக்குத் தளத்தின் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு ஈரப்பத அளவியைச் செருகிப் பாருங்கள். மேற்பரப்பு மீட்டரில் எப்பாக்சிக்கு 4 சதவீதம் என்ற வரம்பு பரவலாகப் புழங்குகிறது.

நிலத்தின் மேல் போடும் தளத்துக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் விரிக்காமல் விட்டால் 28 நாளல்ல, 28 மாதம் ஆனாலும் ஈரம் வந்துகொண்டே இருக்கும்.

மேற்பரப்பைத் தயார் செய்ய ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதுமா?

வேண்டாம். ஆசிட் எண்ணெய்ப் படலத்தை ஒன்றும் செய்யாது. உலர்த்திய தளத்தை மறுபடி நனைக்கும். ஹைட்ரோகுளோரிக் என்றால் குளோரைடு வேறு உள்ளே தங்கும். பெரிய பரப்புக்கு ஷாட் பிளாஸ்டிங் (இரும்புக் குண்டுமணிகளை வேகமாக வீசிச் சுரண்டுவது), ஓரத்துக்கும் மூலைக்கும் வைரக் கல் கிரைண்டர், தடிமனான சாந்துக்கு ஸ்கேரிபையர் (தளத்தைக் கொத்திச் செதுக்கும் எந்திரம்). நோக்கம் இரண்டு: மேலே மிதந்து இறுகிய சிமெண்ட் பாலை நீக்குவது, பூச்சு பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பு உண்டாக்குவது.

சொரசொரப்பை அளக்க 1 முதல் 10 வரை எண்ணிட்ட ரப்பர் மாதிரி வில்லைகள் கிடைக்கின்றன. தடித்த உருளைப் பூச்சுக்கு 3 முதல் 5, தானே மட்டமாகும் அடுக்குக்கு 4 முதல் 6, சாந்துக்கு 5-க்கு மேல். அடித்தளக் கான்கிரீட்டின் அழுத்த வலிமை குறைந்தது 25 நியூட்டன்/ச.மி.மீ., மேற்பரப்பு இழுவலிமை 1.5 இருக்க வேண்டும். முடித்தபின் சில துளி தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் சரி. முத்தாக உருண்டு நின்றால் அங்கே எண்ணெயோ பழைய பதப்படுத்தும் திரவமோ இன்னும் இருக்கிறது.

எண்ணெய் ஆழமாக ஊறிய தளத்தை மேலே தேய்த்துப் பயனில்லை. காரச் சோப்பு, வெந்நீர், மறுபடி சோப்பு என்று திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்கும் விடவில்லை என்றால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதிதாக வார்ப்பதே மலிவு.

ஏற்கெனவே அமிலம் குடித்த தளத்தின் மேல் பூசலாமா?

குடித்த பகுதியை எடுத்த பிறகு பூசலாம். எதுவரை எடுப்பது என்பதற்கு பினாப்தலீன் நல்ல வழிகாட்டி. ஆல்கஹாலில் கரைத்த 1 சதவீதக் கரைசலைப் புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தால் காரம் உயிரோடு இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி காரத்தை இழந்தது. முழுதும் சிவக்கும்வரை செதுக்குங்கள். மேலே மட்டும் சோடாக் கரைசலால் கழுவிவிட்டுப் பூசினால், உள்ளே மாட்டிக்கொண்ட அமிலமும் உப்பும் பூச்சுக்கு அடியிலேயே வேலையைத் தொடரும். பூச்சு பார்க்க நன்றாகவே இருக்கும், தட்டினால் டொக்கென்று கேட்கும். கம்பி வெளியே தெரிந்தால் அதன் பின்பக்கமும் தெரியும்படி குடைந்து, துருவை நீக்கி, எப்பாக்சி சாந்தால் மூடிய பிறகுதான் மற்றது.

கலக்கும்போது எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலும் வாளியில். ஹார்டனரை (ரெசினை இறுகவைக்கும் இரண்டாம் பகுதி) குறைத்தால் மெதுவாக இறுகும், கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்ற நம்பிக்கை எப்பாக்சிக்குப் பொருந்தாது. எப்பாக்சியில் விகிதம் தவறினால் மிஞ்சிய பகுதி கடைசிவரை வினைபுரியாமலே நிற்கும், ரசாயனம் அதன் வழியாக உள்ளே போகும். எனவே பொட்டலம் முழுதாகக் கலக்குங்கள், கண்ணால் பிரிக்காதீர்கள். நிமிடத்துக்கு 300 முதல் 400 சுற்று, 3 நிமிடம். பிறகு வேறொரு சுத்தமான வாளிக்கு மாற்றி மறுபடி ஒரு நிமிடம். முதல் வாளியின் ஓரத்தில் ஒட்டியதை வழித்துத் தளத்தில் போடாதீர்கள். தளத்தில் ஆங்காங்கே ஒட்டும் திட்டுகள் வந்தால் அந்த வழித்த பொருள்தான் காரணம். கலந்ததை உடனே தரையில் ஊற்றிப் பரப்புங்கள். வாளியிலேயே கிடந்தால் தன் சூட்டிலேயே புகையும்.

வினைல் எஸ்டருக்கு ஓர் எச்சரிக்கை. கோபால்ட் வேகமூட்டியையும், ரெசினை இறுகவைக்கும் எம்இகேபி என்ற பெராக்சைடையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலந்து, பிறகு தனியாக பெராக்சைடு. இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளையைப் பயன்படுத்துவதும் ஆபத்து.

வானிலையில் என்ன பார்க்க வேண்டும்?

தளத்தின் வெப்பநிலை பனிப்புள்ளியை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) விடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிப்புள்ளி சுமார் 26. தளம் 29-க்குக் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும் அபாயம் உண்டு. காலையில் வெயில் ஏறும்போது பிரைமர் பூசினால் துளைகளுக்குள் உள்ள காற்று விரிந்து குமிழாக மேலே வரும், ஒவ்வொரு குமிழும் பின்னால் ஓர் ஊசித்துளை. தளம் குளிரத் தொடங்கும் பிற்பகலில் தொடங்கினால் அதே காற்று உள்ளே இழுபட்டு பிரைமரையும் இழுத்துக்கொள்ளும்.

குளிரும் ஈரமுமான இரவில் எப்பாக்சி மேல் மெழுகுபோல் வெண்படலம் படிந்தால் அது அமீன் ஹார்டனர் காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்தது. வெந்நீரில் கழுவி, இலேசாகத் தேய்த்த பிறகே அடுத்த அடுக்கு.

நல்ல பொருள், நல்ல வேலை. ஆனாலும் இரண்டு வருடத்தில் போய்விட்டது. ஏன்?

நடுத்தளத்தைப் பார்க்காதீர்கள். மூட்டையும் ஓரத்தையும் வடிகால் வாயையும் பாருங்கள். பழுதின் தொடக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அசையும் மூட்டின் மேல் பூச்சை அப்படியே ஓட்டினால் முதல் விரிவிலேயே கிழியும். மூட்டின் கோட்டிலேயே பூச்சையும் வெட்டி, அடியில் நுரைக் கயிறு வைத்து, ரசாயனத்துக்கு ஏற்ற நெகிழ்வுப் பொருளால் நிரப்ப வேண்டும். 20 மி.மீ. அகல மூட்டுக்கு நிரப்பு ஆழம் 10 மி.மீ. போதும். ஆழமாக நிரப்பினால் இழுபடும்போது பக்கச் சுவரிலிருந்து பிரியும். தளத்தின் ரெசினை ஆராய்ந்து தேர்ந்தவர்கள் மூட்டுக்குக் கையில் கிடைத்த குழாயை எடுத்துப் பிதுக்குவதை அடிக்கடி பார்க்கலாம். பாலிசல்பைடு என்ற மூட்டு நிரப்பு பல கரைப்பான்களையும் எண்ணெயையும் தாங்கும், வலுவான ஆக்சிஜனேற்றும் அமிலத்தைத் தாங்காது. மூட்டு நிரப்பு தளத்தை விடச் சீக்கிரம் தேயும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதை மாற்றும் பொருளாகவே பராமரிப்பு அட்டவணையில் எழுதுங்கள். முடிந்தால் மூட்டுகளைத் தொட்டி, பம்ப் அருகில் வராதபடி வரைபடத்திலேயே தள்ளிவிடுங்கள்.

பூச்சு முடியும் ஓரத்தை மெல்லியதாக வழித்து விடாதீர்கள். பூச்சின் கனத்தைப் போல் இரண்டு மடங்கு அகலமும் ஆழமும் உள்ள பள்ளம் வெட்டி, அதற்குள் பூச்சை இறக்கி முடியுங்கள். கதவோரம், வடிகால் ஓரம், எந்திர மேடையின் அடி எல்லாவற்றிலும் இப்படித்தான். சுவரும் தளமும் சேரும் மூலையில் சாந்தால் வளைவு கொடுத்து, பூச்சைச் சுவரில் குறைந்தது 10 செ.மீ. ஏற்றுங்கள். தளத்தின் வாட்டம், அதாவது வடிகால் பக்கச் சரிவு, 1.5 சதவீதத்துக்குக் குறைந்தால் தேங்கும், தேங்கிய இடத்தில் 'சிந்தல்' என்ற நிபந்தனை 'மூழ்கல்' ஆகிவிடும். நங்கூர போல்ட்டைப் பூச்சு முடிந்தபின் துளையிட்டு இறக்கினால் அமிலத்துக்கு நேர்வழி போட்டுக் கொடுத்ததுபோல. முன்பே இறக்குங்கள், அல்லது துளையைச் சுற்றி ரெசினால் அடையுங்கள்.

வேலை சரியாக முடிந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

தொட்டிக்கும் கசிவுத் தடுப்புத் தொட்டிக்கும் பொறிச் சோதனை. மைக்ரானுக்கு சுமார் 4 வோல்ட் என்று எடுத்தால் 1 மி.மீ. கனத்துக்கு 4,000 வோல்ட். ஊசித்துளை இருந்தால் பொறி பாயும். கான்கிரீட் காய்ந்திருந்தால் மின்சாரம் சரியாகக் கடத்தாது, அதனால் முதலிலேயே மின்கடத்தும் பிரைமர் அடித்திருக்க வேண்டும். பலர் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

ஒட்டுதலுக்கு இழுப்புச் சோதனை: 50 மி.மீ. வட்டம் வெட்டி, உலோகக் குமிழை ஒட்டி இழுப்பது. 1.5 நியூட்டன்/ச.மி.மீ. என்றால் அந்த வட்டத்துக்கு ஏறக்குறைய 300 கிலோ இழுவிசை. எண்ணை விட எங்கே உடைந்தது என்பதைப் பாருங்கள். கான்கிரீட்டுக்குள் உடைந்தால் வேலை நன்று. பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே பளபளப்பாகப் பிரிந்தால் தயாரிப்பு சரியில்லை.

பூச்சில் நீர்க் கொப்புளம் வருகிறது, குத்தினால் பிசுபிசுப்பான திரவம். என்ன அது?

சவ்வூடு பரவல். அடியிலிருந்து வரும் ஈரம் கான்கிரீட்டின் காரத்தையும், வினைபுரியாத ரெசின் துணுக்குகளையும் கரைத்து அடர் கரைசலாகிறது. அது மேலும் தண்ணீரை இழுக்க, அழுத்தம் ஏறிப் பூச்சு எழும்புகிறது. திரவத்தைப் பிஎச் தாளில் தொட்டால் கடும் காரம் காட்டும். ஈரத்தடுப்புத் தாள் இல்லாதது, மெல்லிய பிரைமர், தவறிய கலவை விகிதம் மூன்றும் கூடும்போது வரும். கொப்புளத்தை மட்டும் வெட்டி ஒட்டினால் பக்கத்தில் வரும். உலர்ந்த கொப்புளம் என்றால் வேறு கதை, அது பூசும்போது வெளியேறிய காற்று.

எப்போது அமிலம் படவிடலாம்?

25 டிகிரியில் 24 மணி நேரத்தில் நடக்கலாம், ரசாயனத்துக்கு 7 நாள். 10 டிகிரி குறைந்தால் காலம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆலையை ஓட்டும் அவசரத்தில் நாலாம் நாள் திறந்துவிட்டு, பொருள் மட்டம் என்று சொல்வது நியாயமில்லை.

பூச்சை விட்டு அமிலச் செங்கலுக்கு எப்போது போவது?

செறிந்த சூடான அமிலம் நிரந்தரமாக ஓடும் இடம், கனமான இரும்பு விழும் இடம், செறிந்த நைட்ரிக். அங்கே செங்கல் சூட்டையும் அடியையும் வாங்கிக்கொள்ளும், அடியில் உள்ள நீர்புகாச் சவ்வுதான் உண்மையான தடுப்பு. செங்கல் மூட்டு வழியாக அமிலம் மெல்ல இறங்கத்தான் செய்யும், சவ்வு இல்லாமல் செங்கல் பதிப்பது வீண். இணைப்புச் சாந்தில் பொட்டாசியம் சிலிகேட் வலுவான அமிலத்துக்கும் சூட்டுக்கும் நல்லது, காரமும் அடிக்கடி தண்ணீரும் படும் இடத்தில் கரையும். பியூரான் ரெசின் சாந்து அமிலம், காரம் இரண்டையும் தாங்கும், ஆக்சிஜனேற்றும் அமிலத்தைத் தாங்காது. அதன் வினையூக்கியே அமிலம் என்பதால் வெறும் கான்கிரீட்டின் மேல் நேராகப் போடக்கூடாது.

சிந்தினால் முதலில் என்ன செய்வது?

மணலால் அணை கட்டிப் பரவாமல் தடுத்து, ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சலவை சோடாவைத் தூவுங்கள். நுரை நிற்கும்வரை தூவி, பிஎச் 6-க்கு மேல் வந்தபின் அள்ளிவிட்டுக் கழுவலாம். 98 சதவீதக் கந்தக அமிலம் 1 கிலோவுக்கு நீரற்ற சலவை சோடா சுமார் 1.1 கிலோ வேண்டும். 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் 1 லிட்டருக்கு ஏறக்குறைய 560 கிராம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, பெரிய சிந்தலுக்குப் போதுமான மூட்டையை அருகில் வையுங்கள். காஸ்டிக் சோடாவால் நடுநிலையாக்க வேண்டாம், சூடு தெறிக்கும். நைட்ரிக், செறிந்த கந்தக அமிலம் இரண்டின் மேலும் மரத்தூள் போடக்கூடாது, தீப்பற்றும்.

சிறு பழுதை நாமே சரிசெய்யலாமா?

செய்யலாம். சேதத்தைத் தாண்டி 25 மி.மீ. தள்ளிச் சதுரமாக வெட்டுங்கள், வட்டமாகவோ சரிவாகவோ வேண்டாம். உறுதியான கான்கிரீட் வரும்வரை எடுத்து, பினாப்தலீன் தெளித்துப் பார்த்து, கழுவி, உலர்த்துங்கள். சுற்றியுள்ள பழைய பூச்சை 50 முதல் 100 மி.மீ. அகலத்துக்கு மினுமினுப்பு போகத் தேய்த்து, பிரைமர், சாந்து, மேல்பூச்சு என்ற வரிசையில் அதன்மேல் ஏறும்படி முடியுங்கள். பழையது வினைல் எஸ்டரா எப்பாக்சியா என்று தெரியாமல் தொடாதீர்கள். இறுகிய எப்பாக்சி மேல் வினைல் எஸ்டர் பூசினால் அமீன் மிச்சம் இருக்கும் இடத்தில் அது இறுகாமலே நின்றுவிடும். கிரைண்டர் ஓட்டும்போது சிலிக்கா தூசி நுரையீரலுக்குள் போகாதபடி தூசி உறிஞ்சியும் முகமூடியும், ரெசின் தொடும்போது கையுறையும் கட்டாயம். எப்பாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு வாளியைத் திறந்தாலே தோல் தடிக்கும்.